நல்ல செய்தி கரையில்

கப்பலில் எனக்கு இரண்டு வேலைகள். மெர்சலின் அக்காவின் வயிற்றைக் கவனிப்பது ஒன்று. அவருக்கு வரும் செய்திகளை அவருக்கு முன்னால் படித்துவிடுவது இன்னொன்று.

'வெண்திசை' ஒரு பயணிகள் கப்பல். தென்கோடி ஊரான உஷுவாயாவின் துறைமுகத்திலிருந்து கிளம்பி, அண்டார்டிகாவின் வெட்டல் கடலுக்குள் போய், பதினாறாம் நாள் திரும்பும். நூற்றுப்பன்னிரண்டு பயணிகள். எல்லோருக்கும் ஒரே மாதிரி சிவப்பு மேலங்கி. பேரரசப் பெங்குவின்களின் கடைசிப் பெரிய கூட்டம் அங்கே ஓர் உறைந்த வளைகுடாவில் இருந்தது. அதைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

அந்தக் கடலில் பனிமலைகளால் ஆபத்து இல்லை. ராடார் காட்டிவிடும். ஆபத்து சின்னப் பனியால். ஒரு லாரி அளவு இருக்கும். கண்ணாடிபோலத் தெளிந்த பழைய பனி. தண்ணீருக்கு மேலே ஒரு முழம்கூடத் தெரியாது. அலை அடித்தால் ராடார் அதையும் அலை என்றே எடுத்துக்கொள்ளும். கேமராவும் ஏமாறும்.

மெர்சலின் அக்கா ஏமாறமாட்டார். குமரிக் கடற்கரையில், தேங்காய்ப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். ஆறு வயதிலிருந்து மணலில் உட்கார்ந்து, அலை எது, அப்பாவின் வள்ளம் எது என்று பிரித்துப் பார்த்தவர். பன்னிரண்டு வயதில் ஒரு புயலுக்குப் பிறகு அந்த வள்ளம் வரவில்லை. அதற்குப் பிறகும் உட்கார்ந்து பார்த்தவர்.

கப்பலின் மூக்கில் ஒரு கண்ணாடி அறை. அதில் ஒரு நாற்காலி. அக்கா வயிற்றைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கடலைப் பார்ப்பார். வயிற்றின் கலக்கம் என் திரையில் ஒரு கோடாக ஓடும். அவர் உட்கார்ந்திருக்கும் எட்டு மணி நேரம்தான் கப்பல் பனிக்குள் நகரும். மற்ற நேரம் நின்றுவிடும்.

முதல் வருடம் வேலைக்குச் சேர்ந்தபோது இளம்பரிதி சாரிடம் கேட்டேன். இந்த அமைப்பைச் செய்தவர் அவர்.

"அவங்களே வாயால சொல்லலாமே சார், பனி இருக்குன்னு?"

"சொல்றதுக்குள்ள லேட். பயம் முதல்ல எங்க வரும், மதி?"

"மூளையில."

"பரீட்சை ரிசல்ட் வந்த அன்னிக்கு உங்களுக்கு மூளையிலயா வந்துது?"

நான் சிரித்துவிட்டேன். "வயித்துல சார்."

"அவ்வளவுதான் விஷயம். கண்ணு பாத்துடுது. பாத்தது என்னன்னு மூளை முடிவு பண்றதுக்குப் பன்னெண்டு விநாடி முன்னாடியே வயிறு கலங்கிடுது. அந்தப் பன்னெண்டு விநாடி இருந்தா கப்பலைத் திருப்பிடலாம்."

மேல்தளத்தில் எல்லோரும் அமைப்பை 'வயிறு' என்றே சொல்வார்கள். நார்வேக்காரக் கேப்டன்கூடத் தமிழில் அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டிருந்தார்.

"ஒரு விஷயம்," என்றார் சார். "அமைதியா இருக்கற வயிறு பதில் சொல்லாது. கொஞ்சம் கலக்கம் எப்பவும் இருக்கணும். அதனால வீட்டுலேர்ந்து செய்தி வந்தா முதல்ல நீங்க படிங்க. நல்ல செய்தின்னா எடுத்து வெச்சுட்டுக் கரையில குடுங்க."

"கெட்ட செய்தின்னா?"

"உடனே."

சர்க்கரை நோயாளிக்கு உணவுப் பட்டியல் கொடுப்பதுபோல அதைச் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று சீசன்கள் அப்படியே போயின. அக்காவின் அம்மாவுக்கு வலிப்பு வந்ததை நடுக்கடலில் சொன்னேன். தங்கைக்குக் குழந்தை பிறந்ததைப் பதினொரு நாள் வைத்திருந்து கரையில் சொன்னேன். அவர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை.

இந்தப் பயணத்தின் மூன்றாம் நாள் அவருடைய ஊர்ப் பங்குத்தந்தையிடமிருந்து செய்தி வந்தது. அரபிக்கடலில் புயல். அக்காவின் கணவர் ததேயுஸ் சூரை மீன் பிடிக்கப் போன விசைப்படகோடு தொடர்பு இல்லை. படகில் ஒன்பது பேர்.

உடனே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என் திரையில் கோடு நிமிர்ந்து நின்றது. அவ்வளவு தெளிவான கோட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குக் கப்பல் பதினான்கு பனிகளைத் தவிர்த்தது. கேப்டன் சந்தோஷப்பட்டு ஒரு கேக் அனுப்பினார். அக்கா அதைத் தொடவில்லை.

ஆறாம் நாள் அடுத்த செய்தி. ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு சரக்குக் கப்பல் படகை இழுத்துவந்து ரத்னகிரித் துறைமுகத்தில் விட்டிருக்கிறது. ததேயுஸுக்குக் கை முறிந்திருக்கிறது. மற்றபடி நலம்.

மூன்று தடவை படித்தேன். பிறகு 'கரை' என்ற பெயரில் இருந்த கோப்பில் போட்டுப் பூட்டினேன்.

சாப்பாடு கொண்டுபோனபோது அக்கா கேட்டார். "ஒண்ணும் வரல்லியா பிள்ளே?"

"இல்லக்கா."

என் முகத்தையே பார்த்தார். பிறகு தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டார். மூன்று நாளாகச் சாப்பிடாத பசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் பயணிகள் பெங்குவின்களைப் பார்த்தார்கள். வளைகுடாவுக்கு ஒரே ஒரு வழி. பனித்தட்டுகளுக்கு நடுவே முப்பத்தெட்டு மைல் நீளமான கால்வாய். பயணிகள் படமெடுத்துக்கொண்டிருந்தபோது காற்று திசை மாறியது. கால்வாய் மூட ஆரம்பித்தது. கூடவே மூடுபனியும் இறங்கியது.

பத்தொன்பது மணி நேரம் இருக்கிறது என்றார் கேப்டன். அதற்குள் வெளியே போகாவிட்டால் பனி இரண்டு பக்கமும் நெருக்கும். எங்கள் கப்பல் பனி உடைக்கும் கப்பல் இல்லை. உதவிக்கு வரக்கூடிய கப்பல் நான்கு நாள் தூரத்தில் இருந்தது.

கிளம்பினோம். ஒரு மணி நேரத்தில் கப்பல் ஒரு பனியில் இடித்தது.

திரையில் கோடு அசையவே இல்லை.

உணவுக்கூடத்தில் பயணிகளை உயிர்காப்பு அங்கியோடு உட்காரவைத்தார்கள். கீழே ஒரு தொட்டியில் தண்ணீர் ஏறியது. பம்புகள் ஓடும் அதிர்வு தரையில் தெரிந்தது. நான் கண்ணாடி அறைக்கு ஓடினேன். பட்டை சரியாகத்தான் இருந்தது. கம்பிகளும் சரி.

"அக்கா, கப்பல் இடிச்சிருச்சு. உங்களுக்கு ஒண்ணுமே தோணலியா?"

"இடிச்சப்பெறவு பாத்தேன் பிள்ளே. வயித்தில ஒண்ணும் வரல்ல. என்ன செய்ய?" அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "கண்ணால பாத்துச் சொல்லுதேன்னு கேப்டன்கிட்ட சொல்லு."

"அது லேட்டாயிரும்க்கா. என்ன ஆச்சு உங்களுக்கு? மூணு நாளாவே கோடு இறங்கிட்டு வருது."

அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார்.

"அவரு கரைக்கு வந்தாச்சில்லா."

"யாரு சொன்னா?"

"நீதான்."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அதாக்கும் சொல்லுதேன். கெட்டதுன்னா அன்னைக்கே ஓடி வருவ. நல்லதுன்னா கரைவரைக்கும் வாயத் தெறக்கமாட்ட. மூணு வருசமாப் பாக்கேன், இதுகூடத் தெரியாதா எனக்கு? ஆறாம் நாளு சாப்பாடு கொண்டுவந்தல்ல, அன்னைக்கு ஒனக்க மொகத்திலயே தெரிஞ்சுபோச்சு. ஆளு வந்தாச்சு, கேட்டியா."

"அக்கா, நாமளே சாகப்போறோம். அதுக்குப் பயமா இல்லியா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "எனக்குன்னு பயந்து பழக்கம் இல்ல பிள்ளே."

கப்பல் இரண்டாவது தடவை இடித்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேலே போய் இளம்பரிதி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடி கழற்றித் துடைத்தார்.

"அந்த செய்தி மாறிடுச்சுன்னு சொல்லணும்," என்றார்.

"சார்."

"ரத்னகிரி விஷயம் அவங்களுக்குத் தெரியாது. யூகம்தானே. வேற செய்தி வந்ததா எழுதுங்க."

"செத்துட்டார்னா?"

"கூடாது. துக்கம் வந்தா வயிறு அடைச்சுக்கும், கோடே வராது. பாதி நம்பிக்கை இருக்கணும். இருக்காரா இல்லையான்னு தெரியாத மாதிரி."

"நீங்களே சொல்லுங்க சார். என்னால முடியாது."

"நான் சொன்னா நம்பமாட்டாங்க. மூணு வருஷமா அவங்க படிச்சிட்டிருக்கறது உங்க முகத்தை." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "பயணிங்க, சிப்பந்திங்க, எல்லாம் சேத்து நூத்தி எழுபது பேர், மதி. அவங்களும் அதுல ஒருத்தங்க. நான் மட்டும்னா உங்களை இதைக் கேட்டிருக்கமாட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

எழுத உட்கார்ந்தேன். எதை எழுத வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வேலைக்கு எடுத்தபோது சென்னையில் மூன்று வாரம் அக்காவிடம் ஆயிரத்துக்கும் மேல் கேள்விகள் கேட்டோம். பட்டையைக் கட்டிக்கொண்டு அவர் தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, எந்த நினைவுக்கு வயிறு எவ்வளவு கலங்குகிறது என்று குறித்துக்கொண்டோம். டைப் அடித்தது நான்தான். அப்பாவைத் தேடிய நாட்களைப் பற்றி அவர் சொன்னது இருந்தது. கரை ஒதுங்கிய உடல்களின் கழுத்தில் உத்தரியம் இருக்கிறதா என்று பெண்கள் ஓடி ஓடிப் பார்த்ததைச் சொல்லியிருந்தார். அந்தக் கரையில் எல்லா ஆண்களும் மாதா படம் தைத்த அந்தச் சின்னத் துணிப்பட்டையைக் கழுத்தில் போட்டிருப்பார்கள். அதை வைத்து யாரையும் அடையாளம் சொல்லமுடியாது. ஆனாலும் பார்ப்பார்கள்.

பங்குத்தந்தை எழுதுவதுபோல எழுதினேன். படகு கவிழ்ந்து மிதந்ததைக் கடற்படை பார்த்திருக்கிறது. நான்கு உடல்கள் கிடைத்தன. முகம் தெரியவில்லை. ஒருவர் கழுத்தில் உத்தரியம் இருந்தது. மீதி ஐந்து பேரைத் தேடுகிறார்கள்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா அதைப் படித்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகம் பொய் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது வெளிறித்தான் இருந்தது.

"உத்தரியம் தவிட்டு நெறமா, கறுப்பா?"

"அது எழுதல்லக்கா."

"கேட்டு எழுதச் சொல்லு."

"சரிக்கா."

கடல் பக்கம் திரும்பினார். கோடு எழுந்தது.

பதினேழு மணி நேரம் அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூடுபனிக்குள் எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் வயிற்றுக்குத் தெரிந்தது. கோடு துள்ளும், கப்பல் திரும்பும், கொஞ்சம் கழித்து ஏதோ ஒன்று பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். ஐம்பது வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. அக்கா உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது. நான் துடைத்துவிட்டேன். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மணிக்கு ஒரு தடவை கேட்டார். "வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

ஒரு தடவை, "தவிட்டு நெறம்னா அவரு இல்ல. அவருக்கது கறுப்பு," என்றார். இன்னொரு தடவை, "ஆனா போன மாசம் பழையது அறுந்துபோச்சுன்னு சொன்னாரு. புதுசு என்ன நெறம் வாங்கினாருன்னு நான் கேக்கல்ல. கேட்டிருக்கணும்லா?" என்றார்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு இறங்கிவிடுமோ என்ற கவலை எனக்கு. அப்படித்தான் நான் அப்போது இருந்தேன்.

கால்வாய் முடிந்து திறந்த கடல் வந்தபோது மேல்தளத்தில் கைதட்டும் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். பயணிகள் அங்கியைக் கழற்றிவிட்டு ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பெங்குவின் படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இளம்பரிதி சார் என்னைத் தேடி வந்தார். "இப்பவே போய் உண்மையைச் சொல்லிடுங்க மதி. கரை வரைக்கும் காக்கவேண்டாம். நான் பாத்துக்கறேன்."

ஆறாம் நாள் செய்தியை எடுத்துக்கொண்டு இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினேன். அக்கா தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பட்டையை இன்னும் கழற்றவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதியது பொய். ததேயுஸ் அண்ணன் ரத்னகிரியில் இருக்கிறார். கை மட்டும் முறிந்திருக்கிறது. என்னை அடியுங்கள் அக்கா என்றேன்.

அவர் செய்தியை வாங்கிப் படித்தார். ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார்.

"கரைக்கு இன்னும் எத்தன நாளு?"

"ஆறு நாள்க்கா."

"நடுக்கடல்ல நல்ல செய்தி குடுக்கமாட்டீங்களே."

"அக்கா, இது—"

"மூணு வருசத்தில ஒரு மட்டம்கூடக் குடுத்ததில்ல." அவர் குரலில் கோபமே இல்லை. "பனி தாண்டியாச்சு. இனி எனக்க வயிறு ஒங்களுக்கு வேண்டாம். கரைவரைக்கும் நான் கத்தாமக் கெடந்தாப் போதும். அதுக்கு எழுதியிருக்கீங்க."

"இல்லக்கா, சத்தியமா இல்ல. பொய் சொன்னது முந்தி. இது நிஜம்."

"ஒன்ன நான் குத்தம் சொல்லல்ல." என் தலையில் கை வைத்தார். "எனக்க நல்லதுக்குத்தான் எழுதியிருக்க. நல்ல பிள்ள நீ. நாலுல ஒண்ணு அவருதானே? சொல்லிரு. அடக்கம் எடுத்தாச்சா, இல்ல நான் வரதுவரைக்கும் வச்சிருப்பாங்களா?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்.

செயற்கைக்கோள் இணைப்பு கிடைக்க ஆறு மணி நேரம் ஆனது. குரல் மட்டும்தான் வரும், படம் வராது என்றார்கள். அந்தக் கடலில் அதுவே பெரிய விஷயம். பங்குத்தந்தையைப் பிடித்து, அவர் மூலம் ரத்னகிரி மருத்துவமனையைப் பிடித்து, கடைசியில் ததேயுஸ் அண்ணனைப் பிடித்தேன். நாம் பேசுவது போய்ச்சேர இரண்டு விநாடி. பதில் வர இரண்டு விநாடி.

ஒலிபெருக்கியைப் போட்டுத் தொலைபேசியை அக்கா கையில் கொடுத்தேன்.

"மெர்சி? மெர்சி, நாந்தான். கேக்குதா?"

அக்காவின் முகம் ஒரு கணம் திறந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு அவர் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து அதையே பார்த்தார்.

"சத்தம் அப்படியே இருக்கு," என்றார் என்னிடம்.

"அவர்தான்க்கா! பேசுங்க. அவருக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது கேளுங்க."

அண்ணனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவராகவே சொன்னார். "மெர்சி, நம்ம கல்யாணத்துக்கு முந்தின நாளு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம்லா? ஒனக்க அப்பாவுக்கு மெழுகுதிரி கொளுத்த. காத்து அணச்சு அணச்சுப் போட்டுது. நான் சட்டையக் கழத்தி மறச்சுப் பிடிச்சேன். நீ சிரிச்ச. ஆளில்லாத கல்லறைக்கு இவ்வளவு பாடான்னு கேட்ட."

அக்கா என்னைப் பார்த்தார்.

"இத நான் ஒனக்ககிட்ட சொல்லியிருக்கேன்."

நான் ஆம் என்று தலையாட்டினேன்.

"சென்னையில. நான் சொன்னேன், நீ டைப் அடிச்ச. ஆளில்லாத கல்லறைன்னு சொன்னப்போ நீ அழுத."

அண்ணன் இன்னொன்று சொன்னார். அவர்களுக்குப் பிறந்து எட்டாம் நாள் இறந்துபோன குழந்தைக்கு அவர்கள் இருவரும் மட்டும் கூப்பிட்ட ஒரு பெயர்.

"அதும்," என்றார் அக்கா. "அதும் சொல்லியிருக்கேன். ஒங்களுக்குத் தெரியாதது எனக்ககிட்ட ஒண்ணும் மிச்சமில்ல பிள்ளே."

"அக்கா, இந்தக் குரலை யாரும் மெஷின்ல செய்யல. சத்தியமா யாரும் செய்யல."

"மெர்சி, என்ன சொல்லுதா அவ? ஏன் எனக்ககிட்ட பேசமாட்டேங்குத? மெர்சி?"

அக்கா கண்களைத் துடைத்துக்கொண்டார். முகத்தை நேராக வைத்துக்கொண்டார். தெரியாத ஆளிடம் பேசுவதுபோல, மரியாதையாக, தொலைபேசிக்குள் சொன்னார்.

"நீங்க யாராயிருந்தாலும் சரி. இனி அவருக்க கொரல்ல பேசாதீங்க."

தொலைபேசியை என் உள்ளங்கையில் வைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் சொன்னது ரத்னகிரிக்குப் போய்ச்சேர இரண்டு விநாடி. திரும்பி வர இரண்டு விநாடி. நான்காவது விநாடியில் என் கையில் ஓர் ஆண் அழ ஆரம்பித்தார்.